கைப்பேசிக்குள் பதிந்துவிட்ட இன்னொருவர் முகவரி

2016 ஜனவரி 28 அன்று, ஃபேஸ்புக்கின் கையில் இருந்த பார்ஸ் என்ற சேவை, இன்னும் ஓராண்டில் தன்னை மூடிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. 2011இல் ஒரு சிறு நிறுவனமாகத் தொடங்கி, 2013 ஏப்ரலில் ஃபேஸ்புக்கால் வாங்கப்பட்ட பார்ஸ், அந்த நாளில் லட்சக்கணக்கான கைப்பேசிச் செயலிகளுக்குப் பின்தளமாக, அதாவது திரைக்குப் பின்னால் தரவைச் சேமித்துக் காக்கும் இடமாக, இருந்தது. அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னர்தான், 2015 மார்ச்சில் டெவலப்பர்களுக்காக நடந்த எஃப்8 மாநாட்டு மேடையில், இணையத்தோடு இணையும் சாதனங்களுக்கும் பார்ஸை விரிவுபடுத்துவதாக ஃபேஸ்புக் சொல்லியிருந்தது. அதை நம்பி அந்த ஆண்டில் புதிதாகச் செயலி கட்டத் தொடங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. வளர்ந்துகொண்டிருக்கும் சேவைக்குரிய எல்லா அடையாளங்களும் அதற்கு இருந்தன.

பார்ஸின் கதையை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அது மோசமாக மூடப்பட்டது என்பதல்ல. இந்தத் துறையில் நடந்த மூடல்களில் மிகுந்த பொறுப்போடு நடத்தப்பட்டவற்றுள் அது ஒன்று. ஓராண்டு அவகாசம் தரப்பட்டது; தரவை வெளியே எடுத்துக்கொள்ளக் கருவி தரப்பட்டது; அறிவிப்பு வந்த அன்றே, அதே வேலையைச் செய்யும் பார்ஸ் சர்வர் என்ற மென்பொருள், யாரும் எடுத்து நிறுவிக்கொள்ளும்படி திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. இத்தனையும் கிடைத்த பிறகும் இடம் மாறுவது பலருக்கு ஏன் பெரும்பாடாக இருந்தது என்று பார்த்தால்தான், பிறர் சேவையின் மேல் செயலி கட்டுவதில் உள்ள ஆபத்து உண்மையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது புரியும்.

ஒரு செயலிக்குப் பயனர் பார்க்கும் திரைக்குப் பின்னால் நிறைய வேலை இருக்கிறது. பயனரின் கணக்கையும் கடவுச்சொல்லையும் காக்க வேண்டும். அவர் எழுதியதையும் எடுத்த படத்தையும் சேமிக்க வேண்டும். யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்க வேண்டும். புதிய செய்தி வந்தால் அவருடைய போனுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். இவற்றை நாமே செய்வதென்றால் சர்வரை வாடகைக்கு எடுத்து, தரவுத்தளத்தை நிறுவி, பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் போட்டு, நள்ளிரவில் நின்றுபோனால் எழுந்து பார்க்க ஓர் ஆளையும் வைத்திருக்க வேண்டும். பார்ஸ் போன்ற பின்தளச் சேவைகள் இவ்வளவையும் தாங்களே செய்துவைத்து, செயலிக்குள் சேர்த்துக்கொள்ள எஸ்டிகே என்ற நிரல் தொகுப்பைத் தருகின்றன. இரண்டு பேர் சேர்ந்து இரண்டு வாரங்களில் ஒரு செயலியை வெளியிட முடிகிறது என்றால் அதற்கு இதுதான் காரணம். இந்த வசதியைச் சிறிதாக எண்ண நான் தயாரில்லை. இது இல்லாவிட்டால் பிறந்தே இருக்காத நல்ல செயலிகள் எத்தனையோ உண்டு.

இனி இடமாற்றத்துக்கு வருவோம். பார்ஸின் எஸ்டிகேயைச் சேர்த்துக் கட்டிய ஒவ்வொரு செயலியும், தன் பயனரின் போனில் உட்கார்ந்துகொண்டு, பார்ஸ் நிறுவனத்தின் டொமைனில் (அதன் பெயரில் பதிவான இணையப் பெயரில்) இருந்த ஒரே முகவரியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த முகவரி எஸ்டிகேக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அதை மாற்றி நம் சர்வரின் முகவரியைக் கொடுக்கும் வசதி, மூடல் அறிவிப்பை ஒட்டி வந்த புதிய பதிப்புகளில்தான் பரவலாகக் கிடைத்தது. எனவே பார்ஸ் வகுத்த இடமாற்ற முறை இரண்டு படிகளாக இருந்தது. முதல் படியில் தரவு மட்டும் டெவலப்பரின் சொந்த மாங்கோடிபி தரவுத்தளத்துக்குப் போகும்; ஆனால் பார்ஸின் பழைய முகவரி தொடர்ந்து இயங்கி, வரும் கோரிக்கைகளை அந்தப் புதிய தரவுத்தளத்துக்கே அனுப்பிவைக்கும். இரண்டாம் படியில் டெவலப்பர் பார்ஸ் சர்வரைத் தானே நிறுவி, அதன் முகவரியைச் சுட்டும் புதிய செயலிப் பதிப்பை வெளியிடுவார். அறிவுக்கூர்மையோடு வகுத்த ஏற்பாடு இது. பழைய பதிப்பு வைத்திருப்பவரும் புதிய பதிப்பு வைத்திருப்பவரும் அந்த இடைக்காலத்தில் ஒரே தரவைப் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் விட்டுப்போகவில்லை.

ஆனால் இடைக்காலம் முடியும் நாளை நினைத்துப் பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு போன்கள். ஒன்றில் செயலி புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அது டெவலப்பரின் சர்வரைக் கூப்பிட்டு வழக்கம்போல் இயங்குகிறது. இன்னொன்றில் இடம் போதாமல் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்தச் செயலி, இனி யாரும் பதில் சொல்லப்போகாத முகவரியைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறது. இருவருடைய தரவும் பத்திரமாக ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது போனை அந்த இடத்துக்குத் திருப்பிவிடும் அதிகாரம் மட்டும் டெவலப்பரிடம் இல்லை, ஏனென்றால் அது கூப்பிடும் டொமைன் அவருடையதல்ல. தன் டொமைனாக இருந்திருந்தால், டொமைன் எந்தச் சர்வரைச் சுட்ட வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரியை மாற்றி எல்லாப் பழைய போன்களையும் ஒரே இரவில் புதிய சர்வருக்குக் கொண்டுவந்திருக்கலாம்.

புஷ் அறிவிப்பிலும் இதே கதை. ஆண்ட்ராய்டு போனுக்கு அறிவிப்பு அனுப்ப, அந்த நாட்களில் கூகிளின் ஜிசிஎம் சேவையில் அனுப்புநர் எண் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். டெவலப்பர் தனியாக எதுவும் சொல்லாவிட்டால், பார்ஸ் எஸ்டிகே தன்னுடைய சொந்த அனுப்புநர் எண்ணின் கீழ் போனைப் பதிந்துவிடும். ஆரம்பத்தில் அது பெரிய உதவி. ஒரு பதிவுப் படிவத்தை நிரப்பும் வேலை மிச்சம். மூடல் வந்தபோதுதான், அந்த எண்ணின் கீழ் பதிவான போன்களுக்கு வேறு யாராலும் அறிவிப்பு அனுப்ப முடியாது என்பது உறைத்தது. போன்களின் அடையாளக் குறிகள் முழுவதும் தரவுத்தளத்தோடு பத்திரமாக வந்து சேர்ந்திருந்தாலும், பூட்டைத் திறக்கும் சாவி பார்ஸிடமே இருந்தது. பயனர் செயலியைப் புதுப்பித்துத் திறந்து, டெவலப்பரின் சொந்த எண்ணின் கீழ் மறுபடி பதிவான பிறகே அவருக்கு அறிவிப்பு போய்ச் சேரும்.

இவற்றுக்கு மேல், திறந்த மூலமாக வந்த பார்ஸ் சர்வர் பழைய சேவையின் அச்சான நகலும் அல்ல. பயன்பாட்டுப் பகுப்பாய்வு, திட்டமிட்ட நேரத்தில் ஓடும் பின்னணிப் பணிகள் போன்றவற்றுக்கு டெவலப்பர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. சொந்தப் பொறியாளர் குழு உள்ளவர்களுக்கு இது சில வாரங்களின் வேலை. ஆனால் ஒரு சிறு கடைக்காரரோ தொண்டு அமைப்போ வெளியாளிடம் ஒருமுறை பணம் கொடுத்துச் செய்து வாங்கிய செயலிக்கு, மாற்றி எழுத ஆள் இல்லை. சில நேரங்களில் மூல நிரலே உரிமையாளரிடம் இருக்காது. பின்தளச் சேவைகள் யாருக்கு மிகவும் உதவுகின்றனவோ, அவை மூடப்படும்போது மிகவும் அடிபடுபவர்களும் அவர்களே. இந்த விஷயத்தில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

ஓராண்டுக்குள் ஒழுங்காக இடம் மாறியவர்களின் கதையும் அங்கே முடிந்துவிடவில்லை. தரவுத்தளத்தை வைக்க எம்லேப், பார்ஸ் சர்வரை ஓட்ட ஹெரோக்கு என்பது அப்போது பலரும் தேர்ந்த எளிய சேர்க்கை. இரண்டிலும் செலவில்லாத தொடக்கத் திட்டம் இருந்தது. 2018 அக்டோபரில் எம்லேப் நிறுவனத்தை, மாங்கோடிபி தரவுத்தளத்தை உருவாக்கிய நிறுவனம் வாங்குவதாக அறிவித்தது. ஹெரோக்குவில் எம்லேப் இணைப்பு 2020 நவம்பர் 10 அன்று நிறுத்தப்பட்டது. 2022 நவம்பர் 28 முதல் ஹெரோக்கு தன் இலவசத் திட்டங்களை முடித்துக்கொண்டது. ஆக, 2016இல் எல்லாம் சரியாகச் செய்த ஒருவர், அடுத்த ஆறு ஆண்டுகளில் மேலும் இரண்டு முறை மூட்டை கட்ட வேண்டியிருந்தது. ஆனால் இந்த இரண்டும் முதலாவதைப் போலக் கடினமாக இல்லை. சர்வரும் தரவுத்தளமும் அவர் கையாளும் பொதுவான மென்பொருள்கள். வேறு இடத்தில் அதே மென்பொருளை நிறுவித் தரவை ஏற்றினால் போதும். முகவரியும் தன் டொமைனில் இருந்திருந்தால், பயனர்களுக்கு இடம் மாறியதே தெரிந்திருக்காது.

இந்த வேறுபாடுதான் நான் சொல்ல வரும் விஷயத்தின் மையம். இடத்தை வாடகைக்கு எடுப்பது ஒன்று. பயனரின் போனுக்கும் நமக்கும் இடையிலுள்ள இணைப்பையே வாடகைக்கு எடுப்பது வேறொன்று. ஒரே சேவையில் சிக்கிக்கொள்வதைப் பற்றிய விவாதம் எப்போதும் தரவைச் சுற்றியே நடக்கிறது. அந்தப் பக்கத்தில் நிலைமை ஓரளவு மேம்பட்டும் வருகிறது: 2024இன் தொடக்க மாதங்களில் கூகிள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும், தங்கள் கிளவுட் சேவையை விட்டு முழுமையாக வெளியேறுவோரிடம் தரவை எடுத்துச் செல்லும் கட்டணத்தை வாங்குவதில்லை என்று அறிவித்தன, 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம், சேவை மாறுவதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி 12க்குப் பிறகு அறவே தடை செய்கிறது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் போனுக்குள் எழுதப்பட்ட முகவரியை எந்தச் சட்டமும் மாற்றித் தராது.

இன்றைக்குப் பெரும்பாலான புதிய டெவலப்பர்கள் முதலில் கேள்விப்படும் பின்தளச் சேவை ஃபயர்பேஸ். இதுவும் 2011இல் தனி நிறுவனமாகத் தொடங்கியதுதான். 2014 அக்டோபரில் கூகிள் வாங்கியது. அதன் முக்கியத் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோரில், செயலி இடையில் எந்தச் சர்வரும் இல்லாமல் போனிலிருந்து நேராகத் தரவுத்தளத்தோடு பேசுகிறது. யார் எதைப் படிக்கலாம், எழுதலாம் என்பதை ஃபயர்பேஸுக்கே உரிய விதி மொழியில் எழுதி வைக்க வேண்டும். ஒருவர் செய்தி அனுப்பியதும் மற்றவர் திரையில் உடனே தோன்றுவது, இணையம் துண்டித்தாலும் செயலி இயங்கி இணைப்பு வந்ததும் ஒத்திசைவது ஆகிய இரண்டையும் எஸ்டிகேயே பார்த்துக்கொள்கிறது. மிக அருமையான பொறியியல் இது, அதில் ஐயமில்லை. ஆனால் இந்தச் சேவையை விட்டு வெளியேற நினைப்பவர் தரவை மட்டும் எடுத்துச் சென்றால் போதாது. விதிகளை வேறு மொழியில் மறுபடி எழுதி, உடனடி ஒத்திசைவைத் தானே கட்டி, அதற்குள் தன் செயலியின் பாதியைத் திரும்ப எழுதியிருப்பார். ஃபயர்ஸ்டோர் தரும் முறையான ஏற்றுமதிகூட, மறுபடி ஃபயர்ஸ்டோரிலோ கூகிளின் தரவுப் பகுப்பாய்வுச் சேவையான பிக்குவெரியிலோ ஏற்றுவதற்கான வடிவத்தில்தான் வருகிறது. அதை, எந்த நிரலும் படிக்கக்கூடிய சாதாரண ஜேசன் உரைக்கோப்பு போல எங்கும் திறந்து படிக்க முடியாது.

அடுத்தது விலை. ஃபயர்ஸ்டோரில் ஒவ்வொரு தரவுப் பதிவுக்கும் ஆவணம் என்று பெயர்; படிக்கப்படும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் கணக்கு. நாளொன்றுக்கு 50,000 படிப்புகள் இலவசம். அதற்கு மேல் அமெரிக்காவில் பல வட்டாரங்களில் நகல் வைக்கும் சேமிப்பின் பட்டியல் விலை நெடுங்காலம் ஒரு லட்சம் படிப்புக்கு 6 சென்ட் என்று இருந்தது. பார்த்தால் மிக மலிவு. இப்போது ஒரு நிதி திரட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இதுவரை 2,000 பேர் பணம் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்று பக்கத்தின் மேலே காட்ட, அந்த 2,000 ஆவணங்களையும் படித்துக் கூட்டுகிறது செயலி. பத்து லட்சம் பேர் வந்து பார்த்தால் 200 கோடி படிப்புகள், 1,200 டாலர். கொடுத்தவர்கள் 20,000 ஆனால், அதே எண்ணிக்கையில் வருவோருக்கு 12,000 டாலர். செயலி வெற்றி பெறப் பெற, வருவோரும் கொடுப்போரும் சேர்ந்தே பெருகுவதால் தொகை இரண்டு பக்கமும் பெருக்கிக்கொண்டு ஏறுகிறது. கொலம்பியாவைச் சேர்ந்த வாக்கி என்ற நிதி திரட்டும் தளத்துக்கு 2018இல் நேர்ந்தது ஏறத்தாழ இதுவே. 72 மணி நேரத்துக்குள் கட்டணம் 30,000 டாலரைத் தாண்டியது என்று அதன் பொறியாளர்களே எழுதினார்கள். மொத்தத்தை ஒரே ஆவணத்தில் எழுதி வைத்துக்கொண்டு அதை மட்டும் படித்திருந்தால் செலவு சில்லறைக் காசாக நின்றிருக்கும். சொந்தச் சர்வரில் இதே பிழையைச் செய்திருந்தால் தளம் மெதுவாகியிருக்கும், ஒருவேளை விழுந்திருக்கும்; ஆனால் வாடகை மாறியிருக்காது. அளவுக்கேற்பத் தானாக விரியும் சேவையில் தளம் விழாது, கட்டணம்தான் விரியும்.

கட்டணத் திட்டத்துக்கு மாறிய பிறகு ஃபயர்பேஸில் தானாகவே நிறுத்தும் உச்சவரம்பு என்று ஒன்று இயல்பாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரவுசெலவு எச்சரிக்கை மின்னஞ்சல் வரும், அவ்வளவே. அதுவும் பயன்பாட்டுக்குச் சில மணி நேரம் பின்தங்கித்தான் வரும். 2020இல் மில்கி வே என்ற சிறு நிறுவனம், 7 டாலர் வரவுசெலவு வரம்பு வைத்து ஒரு சோதனையை ஓடவிட்டபோது, தன்னைத்தானே திரும்பத் திரும்பக் கூப்பிட்ட நிரல் 11,600 கோடி படிப்புகளைச் செய்து 72,000 டாலர் கட்டணத்தைக் கொண்டுவந்தது. கூகிள் பிறகு அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் தள்ளுபடி என்பது கொடுப்பவரின் நல்லெண்ணம். ஒப்பந்தப்படி நமக்குள்ள உரிமை அல்ல.

இனி, சேவை முழுவதும் மூடப்படாமல் அதன் ஒரு பகுதி மட்டும் போவதுண்டு. ஃபயர்பேஸின் டைனமிக் லிங்க்ஸ் என்ற வசதி, செயலி உள்ளவருக்குச் செயலியையும் இல்லாதவருக்குச் செயலிக் கடையின் பக்கத்தையும் திறக்கும் இணைப்புகளை உருவாக்கித் தந்தது. 2025 ஆகஸ்ட் 25 அன்று அது நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்னறிவிப்பு இருந்தது. நிரலை மாற்ற அது தாராளமாகப் போதும். ஆனால் இந்த இணைப்புகள் நிரலில் மட்டும் இல்லை. அழைப்பிதழில், கடைச் சுவரில் ஒட்டிய க்யூஆர் சதுரத்தில், யாரோ யாருக்கோ முன்பே அனுப்பிய மின்னஞ்சலில் அவை இருக்கின்றன. கூகிள் இலவசமாகத் தந்த துணை டொமைனைப் பயன்படுத்தியவர்களுக்கு அவற்றைக் காப்பாற்ற வழியில்லை. தங்கள் சொந்த டொமைனின் கீழ் இணைப்புகளை உருவாக்கியவர்கள், அதே முகவரிகளுக்குத் தாங்களே பதில் சொல்லும் சர்வரை வைத்துப் பழைய இணைப்புகளை உயிரோடு வைத்திருக்க முடிந்தது. பார்ஸ் மூடப்பட்டு எட்டரை ஆண்டுகளுக்குப் பிறகும், தப்பியவரையும் தப்பாதவரையும் பிரித்த கோடு டொமைன் யாருடையது என்பதாகவே இருந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே நடத்துவதுதான் வழியா? அதற்கும் 2017 ஜனவரியே பதில் சொல்கிறது. பார்ஸ் கடைசியாக மூடப்பட்ட அதே மாதத்தில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்களைத் தேடிப்பிடித்து, உள்ளிருந்ததை அழித்துவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல் உலகெங்கும் நடந்தது. பல்லாயிரக்கணக்கான தரவுத்தளங்கள் பலியாயின. மென்பொருளில் ஓட்டை இருந்து அது நடக்கவில்லை. நிறுவியவர்கள் பூட்ட மறந்திருந்தார்கள். தரவுத்தளத்தைக் காக்கத் தெரிந்தவர் இல்லாத குழுவுக்கு, நன்றாக நடத்தப்படும் சேவையே பாதுகாப்பானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே நேரத்தில் பெரிய நிறுவனமும் தவறாதது அல்ல. 2024 மே மாதத்தில், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் தனிக் கிளவுட் கணக்கு, கூகிள் தரப்பில் ஒரு அமைப்பை வெற்றாக விட்டதால் தானாகவே அழிந்துபோனது. மீண்டுவரப் பெரிதும் கைகொடுத்தது, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த காப்பு நகல்.

எனவே எதை வாடகைக்கு எடுக்கலாம், எதை நம் பெயரில் வைத்திருக்க வேண்டும் என்று முதல் பதிப்பை வெளியிடுவதற்கு முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும். வெளியிட்ட பிறகு பிரிப்பது போன்களைத் தேடிப்போகும் வேலை. செயலி கூப்பிடும் முகவரிகளும் வெளியே பகிரப்படும் இணைப்புகளும் சொந்த டொமைனில் இருக்க வேண்டும். டொமைனுக்குப் பின்னால் மெல்லிய சர்வர் அடுக்கு ஒன்று இருந்து, அது ஃபயர்ஸ்டோரையோ வேறொன்றையோ கேட்டுச் சொன்னால், பின்னால் இருப்பதை மாற்றும்போது போன்களைத் தொட வேண்டியதில்லை. இதனால் உடனடி ஒத்திசைவு போன்ற சில வசதிகள் எளிதில் கிடைக்காமல் போகும் என்பது உண்மை. எல்லாச் செயலிக்கும் அவை தேவை என்பது உண்மையல்ல. பயனரின் அடையாள எண் சேவை கொடுத்ததாக இல்லாமல் நாம் கொடுத்ததாக இருப்பது நல்லது. கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, பார்ஸ் அதை மறைகுறியாக்கிச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் பிக்ரிப்ட் (bcrypt) முறையில் வைத்திருந்ததால் பயனர்கள் பழைய கடவுச்சொல்லோடே புதிய சர்வருக்கு வர முடிந்தது. ஃபயர்பேஸ் தான் மாற்றியமைத்த ஸ்க்ரிப்ட் (scrypt) என்ற வேறொரு முறையைப் பயன்படுத்துகிறது, அதன் விவரத்தை வெளியிட்டும் இருக்கிறது, ஆனால் போய்ச் சேரும் இடம் அந்த முறையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

புஷ் அறிவிப்பில் மட்டும் முழு விடுதலை கிடையாது. ஐபோனுக்கு ஆப்பிள் வழியாகவும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கூகிள் வழியாகவும்தான் போக வேண்டும். அது போனோடு பிறந்த சார்பு. அங்கே பார்த்துக்கொள்ள வேண்டியது, அந்தக் கணக்குகள் இடைத்தரகர் பெயரிலோ செயலி செய்து கொடுத்தவர் பெயரிலோ இல்லாமல் நம் பெயரில் இருக்கின்றனவா என்பதே.

காப்பு நகல் என்பது வேறொரு நிறுவனத்தின் இடத்தில், அந்தச் சேவை இல்லாமலே திறக்கக்கூடிய வடிவத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை வெற்றுத் தரவுத்தளத்தில் ஏற்றிப் பார்த்திருக்கவும் வேண்டும். இதோடு, செயலி திறக்கும்போது சொந்த டொமைனிலுள்ள ஒரு சிறு கோப்பைப் படித்து, இந்தப் பதிப்பு இன்னும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளும் சில வரிகளை முதல் பதிப்பிலேயே எழுதிவிடலாம். எழுதியபின் அதைச் சோதிப்பதும் எளிது. சோதனைக்காக வைத்திருக்கும் ஃபயர்பேஸ் கணக்கை முடக்கிவிட்டு, பழைய பதிப்பு இருக்கும் ஒரு போனை எடுத்துச் செயலியைத் திறக்க வேண்டும். அந்த வரிகள் இல்லாத செயலியில் வெள்ளைத் திரை நடுவே வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். இருக்கும் செயலியில், சேவை இடம் மாறியிருக்கிறது, புதிய பதிப்பைப் பெற இங்கே தொடவும் என்ற வாசகம் வந்து நிற்கும்.